நாலு மணிப் பேருந்தும் நற்சான்றிதழ்களும்

கல்லூரி வளாகங்களில் இன்று ஒரு சொல் மந்திரம்போல் உச்சரிக்கப்படுகிறது. 'வேலைவாய்ப்புத் திறன்' என்பது அச்சொல். பட்டம் மட்டும் போதாது. பேசத் தெரிய வேண்டும். பலரோடு இணைந்து இயங்கத் தெரிய வேண்டும். தலைமை தாங்கத் தெரிய வேண்டும். நெருக்கடியில் நிதானம் இழக்காதிருக்கத் தெரிய வேண்டும். இவற்றை வகுப்பறை தராது. ஆகவே மன்றங்களில் சேருங்கள், முகாம்களுக்குச் செல்லுங்கள், போட்டிகளில் கலந்துகொள்ளுங்கள், சான்றிதழ்களைச் சேர்த்து வையுங்கள் என்று முதலாமாண்டு மாணவர்க்கு வரவேற்பு நாளிலேயே அறிவுரை வழங்கப்படுகிறது. பெற்றோரும் தலையாட்டுகின்றனர்.

இவ்வறிவுரையை முற்றாக மறுப்பதற்கு நாம் வரவில்லை. அதன் ஒரு பாதி உண்மை. மறு பாதி அநீதி. அந்த உண்மையை ஏற்றுக்கொண்டு, அந்த அநீதியை வெளிப்படையாகச் சுட்டுவதே நம் நோக்கம். ஏனெனில் இன்று பாடஇணைச் செயல்பாடுகளின் பெயரால் நம் கல்லூரிகளில் நடப்பவை பெரும்பாலும் வேலைக்கும் உதவுவதில்லை, வாழ்வுக்கும் உதவுவதில்லை. அவை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குக் கிட்டுவதும் இல்லை.

வேலை தேடுவது குற்றமா?

'கல்வி அறிவுக்காக, வயிற்றுக்காக அன்று' என்று மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. அவ்வாறு முழங்குவோரில் பெரும்பாலோர் மாதந்தோறும் தவறாமல் ஊதியம் பெறுபவர்கள் என்பதை நாம் கவனித்திருக்கிறோம். தந்தை கட்டட வேலைக்கும் தாய் களையெடுக்கவும் சென்று, இருந்த ஒரு சோடித் தோட்டையும் அடகு வைத்துக் கல்லூரிக்கு அனுப்பிய பிள்ளையிடம் போய், 'வேலையைப் பற்றி நினையாதே' என்று கூறுவது ஞானம் ஆகாது, இரக்கமின்மையே ஆகும்.

2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வரையுள்ள வயதினரைக் கொண்டு கணக்கிடப்படும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. நாட்டின் சராசரியோ 28.4 மட்டுமே. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. அதே வேளையில் இதன் பொருளையும் நாம் உணர வேண்டும். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் இக்கூட்டத்தில் ஏராளம். அவர்களுக்குப் பரிந்துரை செய்ய மாமன் இல்லை. எந்த அலுவலகத்தில் எவரைப் பார்ப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. பட்டத்தோடு வெளியே வந்து நேர்காணல் அறையில் அமரும்போது, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்னும் முதற்கேள்வியிலேயே நா வறண்டு போகிறவர்கள் அவர்களே. அவர்களுக்கு அந்தத் தன்னம்பிக்கையைக் கல்லூரி தர வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அதைப் பாடஇணைச் செயல்பாடுகள் தர வல்லவை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் எந்தச் செயல்பாடு? எப்படி நடத்தப்படும் செயல்பாடு? வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

குளத்தங்கரையில் கற்ற பாடம்

நாட்டு நலப்பணித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் தாமாக முன்வந்து சமுதாயப் பணியில் ஈடுபட வேண்டும் என்னும் கருத்து, இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழுவின் 1949ஆம் ஆண்டு அறிக்கையிலேயே இடம்பெற்றது. 1966இல் வெளிவந்த கோத்தாரி ஆணைக்குழுவின் அறிக்கையும் சமுதாயப் பணியைக் கல்வியின் பகுதியாக்கச் சொன்னது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவரோடு இத்திட்டம் தொடங்கியது. ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்க வேண்டும் என்பது விதி. 'எனக்காக அன்று, உனக்காக' என்பது அதன் முழக்கம்.

உண்மையாக நடக்கும் ஒரு சிறப்பு முகாமில் என்னென்ன நிகழ்கின்றன என்று சற்று எண்ணிப் பார்ப்போம். ஐம்பது பேர் ஓர் ஊர்ப்பள்ளிக் கட்டடத்தில் படுத்துறங்க வேண்டும். விடியுமுன் ஐம்பது பேருக்கும் தேநீர் தயாராக வேண்டும். ஊராட்சித் தலைவரைப் பார்த்துத் தண்ணீர் வண்டிக்குச் சொல்ல வேண்டும். கடப்பாரையும் மண்வெட்டியும் இரவல் வாங்க வேண்டும். வாங்கியவற்றை எண்ணித் திருப்பித் தரவும் வேண்டும். சீமைக் கருவேல முள் குத்திய தோழனுக்கு மருந்திட வேண்டும். மாலையில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும்போது, 'நேற்றும் இப்படித்தான் யாரோ எழுதிக்கொண்டு போனார்கள்; என்ன கிடைத்தது?' என்று கேட்கும் மூதாட்டிக்கு மறுமொழி சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் அரிசி பற்றாது. நான்காம் நாள் இருவருக்கிடையே சண்டை வரும். ஆறாம் நாள் இரவு பற்றுச்சீட்டுகளைக் கூட்டினால் இருநூறு ரூபாய் இடிக்கும்.

இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பாடம். திட்டமிடல், பேச்சுவார்த்தை, கணக்கு, பிணக்குத் தீர்த்தல், பிறர் நிலையறிதல் என்று நிறுவனங்கள் எவற்றையெல்லாம் தேடுகின்றனவோ அவை அனைத்தும் அந்த ஏழு நாளில் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கு எவரும் 'இன்று நாம் தலைமைப் பண்பைக் கற்கப் போகிறோம்' என்று அறிவிக்கவில்லை. குளம் தூர்வார வேண்டியிருந்தது, ஆகவே தூர்வாரினர். அரிசி பற்றவில்லை, ஆகவே எவரோ ஒருவர் முன்வந்து வழி தேடினார். பண்பு, பணியின் பின்னால் வந்தது.

அப்துல் கலாம் தம் தன்வரலாறான 'அக்கினிச் சிறகுகள்' நூலில் இரு செய்திகளைப் பதிவு செய்துள்ளார். 1950களின் தொடக்கத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றபோது அவர் விடுதியின் சைவ உணவுக்கூடச் செயலராக இருந்தார். பின்னர்க் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்றபோது, அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே உருவாக்குவது பற்றித் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார். பரிசளித்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். ஒருவர் வாழ்வைக் கொண்டு பொதுவிதி வகுக்கலாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் இவ்விரு பணிகளின் தன்மையை நோக்குக. ஒன்று, தோழர்களுக்கு நாள்தோறும் சோறு போட்டாக வேண்டிய பொறுப்பு. மற்றொன்று, தம் மனத்தை ஆட்கொண்ட ஒரு பொருளைத் தாய்மொழியில் பிறருக்கு விளக்கும் முயற்சி. இரண்டிலும் மெய்யான வேலை இருந்தது. அக்காலத்தில் எவரும் அவற்றுக்கு 'மென்திறன்' என்று பெயர் சூட்டவில்லை.

சான்றிதழ்ச் சந்தை

இன்று நடப்பது என்ன? பெரும்பாலான கல்லூரிகளில் மன்றங்களுக்குக் குறைவில்லை. தமிழ் மன்றம், நுகர்வோர் மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், செஞ்சுருள் சங்கம், தொழில்முனைவோர் மையம் என்று பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆண்டறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் அப்பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் ஒளிப்படங்கள். சிறப்பு விருந்தினர் பொன்னாடை பெறுகிறார், குத்துவிளக்கு ஏற்றுகிறார், ஒரு மணி நேரம் பேசுகிறார். மாணவர் கைதட்டுகின்றனர், படம் எடுக்கப்படுகிறது, கலைந்து செல்கின்றனர். மரக்கன்று நடுவிழாவில் மரக்கன்றைச் சுற்றிப் பன்னிரண்டு கைகள். மறுவாரம் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கையும் இல்லை.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1994இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்று அவை, கல்லூரிகளைத் தரம் பிரிக்கும்போது விரிவாக்கப் பணிகளையும் மாணவர் செயல்பாடுகளையும் மதிப்பிடுகிறது. நோக்கம் நன்று. ஆனால் மதிப்பீட்டுக்குச் சான்று வேண்டும். சான்றுக்கு அறிக்கை வேண்டும். அறிக்கைக்கு இடமும் நேரமும் பொறித்த ஒளிப்படம் வேண்டும். காலப்போக்கில் படத்துக்காகவே நிகழ்ச்சி என்றாகிவிட்டது. குளம் தூர்ந்தே கிடக்கலாம். படம் தெளிவாக இருந்தால் போதும் என்னும் நிலை வந்துவிட்டது.

2020ஆம் ஆண்டு, கொள்ளைநோய்க் கால ஊரடங்கில், இந்நோய் முற்றியதை நாடே கண்டது. பத்து வினாக்களுக்கு இணையவழி விடையளித்தால் உடனே ஒரு வண்ணச் சான்றிதழ். தவறாக விடையளித்தாலும், திரும்ப முயன்றால் சான்றிதழ். ஒரே மாணவர் ஒரே நாளில் ஐந்து கல்லூரிகளிடமிருந்து ஐந்து சான்றிதழ் பெற்ற விந்தையும் நிகழ்ந்தது. யாரும் எதையும் செய்யவில்லை. ஆயினும் அனைவரும் 'பங்கேற்றனர்'.

மற்றொரு புறம், மென்திறன் பயிற்சியாளர் என்னும் புதிய வகுப்பார் தோன்றியுள்ளனர். அவர்களுள் அக்கறையோடு பயிற்றுவோர் உண்டு. அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் இரண்டு நாளில் ஆளுமையை மாற்றித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் பெற்று, கழுத்துப்பட்டை கட்டுவதையும் கைகுலுக்குவதையும் கண்ணாடிமுன் புன்னகைப்பதையும் கற்பித்துச் செல்பவர்களைப் பற்றி என்ன சொல்வது? கிராமத்து மாணவியிடம், 'உன் நடையை மாற்று, உன் பேச்சை மாற்று, உன் உடையை மாற்று' என்று சொல்வது பயிற்சி அன்று. 'நீ இருக்கும் வடிவில் உனக்கு இடமில்லை' என்னும் தீர்ப்பு அது. தன்னம்பிக்கை வளர்க்க வந்தவர்கள், இருந்த நம்பிக்கையையும் பறித்துச் செல்கின்றனர்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் பேசுவதற்குப் பொருள் உள்ளவனுக்கே மொழி வசப்படும். ஒரு முகாமைத் தானே நடத்தியவன், அதைப் பற்றித் தட்டுத்தடுமாறியேனும் எந்த மொழியிலும் சொல்லிவிடுவான். எதையும் நடத்தாதவன், மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்கள் முடிந்ததும் நின்றுவிடுவான். நேர்காணல் நடத்துவோர் இந்த வேறுபாட்டை அறியாதவர் அல்லர்.

பேருந்து போய்விடும்

இனி அநீதியின் பகுதிக்கு வருவோம். மன்றக் கூட்டங்கள் எப்போது நடக்கின்றன? வகுப்புகள் முடிந்தபின். நாடக ஒத்திகை எப்போது? மாலை நான்கு மணிக்குமேல். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் கலைவிழாக்கள் எங்கே? நகரத்தில், பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்தோடு.

நாலு மணிப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்து ஏழு மணிக்குத்தான் என்னும் ஊர்களிலிருந்து வரும் மாணவர் இவற்றில் எங்ஙனம் பங்கு பெறுவர்? ஏழு மணிப் பேருந்தில் இறங்கி இருட்டில் இரண்டு கல் நடந்தால், 'இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்?' என்னும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய மாணவியின் நிலை என்ன? இரண்டாம் சுழற்சியில் பயின்று, காலையில் துணிக்கடையிலோ அச்சகத்திலோ வேலை பார்த்து, இரவில் திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறித் தன் பருவக் கட்டணத்தைத் தானே கட்டும் மாணவனுக்கு எந்த மன்றத்தில் இடம்? விடியலில் பால் கறந்து கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருபவனுக்கு எந்த நேரம் மிச்சம்?

ஆக, மன்றங்களில் எஞ்சி நிற்பவர் யார்? நகரத்தில் வீடுள்ளவர்; சொந்த வண்டி உள்ளவர்; விடுதிக் கட்டணம் செலுத்த முடிந்தவர்; மாலை வேலைக்குப் போகத் தேவையில்லாதவர். அவர்கள் சேர்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் நாளை நேர்காணலில், 'நீங்கள் எந்த மன்றத்தில் பொறுப்பு வகித்தீர்கள்?' என்று கேட்கும்போது, அவர்களிடம் ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ் இருக்கும், மற்றவரிடம் வெறுங்கை. மதிப்பெண் என்னும் ஒரு சல்லடையில் தேறி வந்த ஏழை மாணவரை மற்றொரு சல்லடையில் சலித்து வெளியேற்றும் வேலையை நாமே, நல்லெண்ணத்தின் பெயரால், செய்துகொண்டிருக்கிறோம்.

இதில் மற்றொரு கொடுமையும் உண்டு. அந்தப் பந்தி பரிமாறும் மாணவன் உண்மையில் குழுவாக இயங்குகிறான், நெருக்கடியைச் சமாளிக்கிறான், கோபக்கார விருந்தினரிடம் பொறுமை காக்கிறான். தாய் நோயுற்ற வீட்டில் தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவி, எந்த மேலாண்மைப் பயிற்சியும் தராத மேலாண்மையை நாள்தோறும் செய்கிறாள். ஆனால் அவற்றுக்குச் சான்றிதழ் இல்லை. ஆகவே அவை திறனாக எண்ணப்படுவதும் இல்லை. அவர்களே அவற்றைத் திறனென்று அறியார். வெளியே சொல்லவும் கூசுவர். திறன் இருந்தும் இல்லாதவராய் நிற்கின்றனர்.

அரசு இம்மாணவரைக் கல்லூரி வாயில்வரை கொண்டுவந்து சேர்க்கப் பல வழி கண்டிருக்கிறது. நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலும், அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்றும் தொடங்கப்பட்டன. வாயிலைத் திறந்தது அரசு. உள்ளே மேடையைத் திறக்க வேண்டியது கல்லூரி அன்றோ?

மூடப்பட்ட பள்ளி

திறன் வளர்க்கும் களங்களுள் மிகப் பெரிய ஒன்றை நாமே இழுத்து மூடிவிட்டோம். அது மாணவர் பேரவை. வாக்குக் கேட்டு வகுப்பு வகுப்பாகச் செல்லுதல், தன்னை விரும்பாதவரையும் இணங்க வைத்தல், தோற்றால் ஏற்றல், வென்றால் விடை சொல்லுதல், வரவு செலவை அவையில் வைத்தல் ஆகியவற்றைவிடப் பெரிய பயிற்சி எது? ஆனால் நம் கல்லூரிகள் பலவற்றில் பேரவைத் தேர்தல் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. மதிப்பெண் உயர்ந்தவரையோ ஆசிரியர்க்குப் பணிந்தவரையோ நிருவாகம் நியமித்து, அவர்க்கு ஒரு சின்னம் குத்திவிடுவதோடு தலைமைப் பயிற்சி நிறைவுறுகிறது.

'தேர்தல் வந்தால் சாதி வரும், கட்சி வரும், அடிதடி வரும்' என்பர். அந்த அச்சம் அடியோடு பொய் என்று நாம் கூறோம். ஆனால் அதற்கு மருந்து ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது. உச்ச நீதிமன்ற ஆணையின்படி அமைந்த ஜே.எம். லிங்டோ குழு 2006இல் தந்த பரிந்துரைகள், வேட்பாளருக்கு வயது வரம்பும் 75 விழுக்காடு வருகையும் 5000 ரூபாய்ச் செலவு வரம்பும் விதித்தன; அரசியல் கட்சிகளின் பணம் கூடாது என்றன. அமைதியற்ற வளாகங்களில் நியமன முறை இருக்கலாம். ஆனால் அது இடைக்கால ஏற்பாடே, ஐந்தாண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் கூறின. அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று கல்லூரி வயதை எட்டிவிட்டனர். இடைக்கால ஏற்பாடு மட்டும் பல இடங்களில் நிலைபெற்றுவிட்டது.

தேர்தலை நிறுத்தியதால் அடிதடி நின்றதா? சென்னைப் பேருந்துத் தடங்களில் 'ரூட்டு தல' என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டு மோதும் இளைஞரைக் கண்டு நாம் முகம் சுளிக்கிறோம். அம்மோதல்கள் உயிர்ப்பலியில் முடிந்ததும் உண்டு. அதை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் ஒரு கேள்வியை நாம் தவிர்க்கலாகாது. தலைமைக்கும் தோழமைக்கும் ஏங்கும் இளமையின் வேகத்துக்குக் கல்லூரிக்குள் கண்ணியமான மேடை இருந்திருந்தால், அது பேருந்தின் படிக்கட்டைத் தேடிப் போயிருக்குமா? இதுவே முழுக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. இதுவும் ஒரு காரணம் என்பதை ஏற்க ஏன் தயங்குகிறோம்?

அவர்கள் சொல்லும் மறுப்புகள்

'நிறுவனங்கள் கேட்கின்றன, நாங்கள் கொடுக்கிறோம். இதில் என்ன தவறு?' என்பர் சில நிருவாகிகள். நிறுவனங்கள் கேட்பது திறனை. நீங்கள் கொடுப்பது காகிதத்தை. காகிதம் எளிதாகக் கிடைக்கக் கிடைக்க அதன் மதிப்பு குறைகிறது. அனைவர் கையிலும் சான்றிதழ் இருக்கும்போது எவர் சான்றிதழும் எதையும் சொல்வதில்லை. உண்மையாகவே உழைத்துப் பெற்றவன் நட்டமடைகிறான்.

'அரசே திறன் பயிற்சி தருகிறதே' என்பர் வேறு சிலர். 2022 மார்ச் 1 அன்று, ஆண்டுக்குப் பத்து இலட்சம் இளைஞரைத் திறன்மிக்கவராக்கும் இலக்கோடு, 'நான் முதல்வன்' திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அதன் பயிற்சிகள் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவரப்பட்டன. மாலை நேரத்துக்குத் தள்ளாமல் வகுப்பு நேரத்துக்குள் வைத்த அந்த அணுகுமுறையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். நாம் கேட்பதும் அதுவே. ஆனால் கணினி மென்பொருளையும் துறைசார் நுட்பத்தையும் பாடமாகக் கற்பிக்கலாம்; ஐம்பது பேருக்குச் சோறு போடும் பொறுப்பைப் பாடமாகக் கற்பிக்க இயலாது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

'ஆசிரியர்க்கு நேரம் இல்லை' என்பது மூன்றாவது மறுப்பு. இதில் நியாயம் உண்டு. அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் உழைக்கும் கௌரவ விரிவுரையாளரிடமும், சுயநிதிப் பிரிவுகளில் குறைந்த ஊதியம் பெறும் ஆசிரியரிடமும், 'மாலையிலும் இருங்கள், விடுமுறையிலும் முகாமுக்கு வாருங்கள்' என்று கேட்க நமக்கு என்ன உரிமை? ஆகவே அவர்கள் தலையில் மேலும் ஒரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. படம் எடுக்கவும் அறிக்கை தட்டச்சவும் இன்று அவர்கள் செலவிடும் நேரத்தை விடுவியுங்கள் என்றே கேட்கிறோம். பத்து வெற்று நிகழ்ச்சிகளை நிறுத்தினால், ஒரு மெய்யான முகாமுக்கு நேரம் கிடைக்கும்.

நாம் கோருவன

குறை கூறுவதோடு நிறுத்திக்கொள்ளல் முறையன்று. நாம் கோருவன அரியவை அல்ல. பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல.

முதலாவது, மன்றப் பணிகள் அனைத்தும் வகுப்பு நேரத்துக்குள் வரவேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகலை, இரண்டாம் சுழற்சிக்கு ஒரு முற்பகுதியை, இதற்கென ஒதுக்குவது ஒரு முதல்வரின் கையெழுத்தில் முடியும் செயல். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பாடத்துக்கும் பாடஇணைச் செயல்பாட்டுக்கும் இடையே வன்மையான பிரிவினை கூடாது என்கிறது. அக்கொள்கையின் மற்றப் பகுதிகள்பற்றித் தமிழகத்தில் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்த ஒரு கருத்தை மறுப்பார் யாருமில்லை. எனினும் நடைமுறை என்ன? நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் இளநிலைப் பாடத்திட்டங்களில் மொத்தமுள்ள 140 மதிப்பலகுகளில் விரிவாக்கப் பணிக்கு உரியது ஒன்றே ஒன்று. ஆளுமைக்கு நாம் தரும் விலை அவ்வளவுதான்.

இரண்டாவது, மாணவர் கையில் மெய்யான பணத்தையும் மெய்யான பொறுப்பையும் ஒப்படைக்க வேண்டும். கல்லூரி விழாவை வெளியார் நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டு, மாணவரை நாற்காலி தூக்கச் சொல்வது பயிற்சி ஆகாது. விடுதி உணவுக்குழு சந்தைக்குச் சென்று காய்கறி வாங்கட்டும்; மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கல்லூரி மலரை மாணவரே தொகுத்து, மெய்ப்புத் திருத்தி, அச்சகத்தாரோடு விலை பேசட்டும். பிழைகள் வரும், வரட்டும். பிழை செய்ய இடமில்லாத பொறுப்பு பொறுப்பே அன்று.

மூன்றாவது, உழைத்துப் படிக்கும் மாணவரின் உழைப்பைக் கல்லூரி ஏற்றுக்கொள்ள வேண்டும். அச்சகத்தில் ஓராண்டு வேலை பார்த்தவன் அங்குக் கற்றதை இரண்டு பக்கம் எழுதித் தன் ஆசிரியரோடு உரையாடட்டும். அதற்கும் விரிவாக்கப் பணிக்கு நிகரான மதிப்பலகு வழங்கலாம். தன் உழைப்புக்குப் பெயர் உண்டு, மதிப்பு உண்டு என்று அவன் முதன்முதலாக அறிவான். நேர்காணலில் அவன் சொல்வதற்கு ஒரு வாழ்க்கை இருக்கும்.

நான்காவது, எந்தப் பாடஇணைச் செயலுக்கும் மாணவரிடம் தனிக்கட்டணம் பெறக்கூடாது. வெளியூர்ப் போட்டிக்குச் செல்வோர்க்குப் பயணச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ் இராணுவ அதிகாரித் தேர்வில் சிறப்பு வழியைத் திறக்கிறது. தமிழகக் காவலர் தேர்வில் மாணவர் படை, நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. இவ்வளவு பயன் தரும் களங்களில் சேரும் வாய்ப்பு, காசுள்ளவர்க்கும் நகரத்தார்க்கும் மட்டும் வாய்க்குமாயின், அது கல்லூரியின் குற்றம்.

ஐந்தாவது, மாணவர் பேரவைத் தேர்தலை, வரையறுக்கப்பட்ட விதிகளோடு, மீண்டும் நடத்த வேண்டும். பதினெட்டு வயதில் நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவர்க்குத் தம் கல்லூரியின் செயலரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியில்லை என்பது எந்த நியாயம்?

ஆறாவது, ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டு இறுதியில் ஒரு கணக்கை வெளியிடட்டும். எத்தனை நிகழ்ச்சி நடந்தது என்பதன்று அக்கணக்கு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுள் எத்தனை பேர், பேருந்தில் வருவோருள் எத்தனை பேர், இரண்டாம் சுழற்சியினருள் எத்தனை பேர் மன்றங்களில் பொறுப்பு வகித்தனர் என்பதே அக்கணக்கு. அதைப் பார்க்கும் துணிவு நம் நிருவாகங்களுக்கு உண்டா?

வேலைக்கு ஆயத்தம் செய்வது தாழ்ந்த செயல் என்று நாம் கருதவில்லை. உழைத்து உண்ணும் வாழ்வுக்கு ஒருவரை ஆயத்தம் செய்வது கல்வியின் உயர்ந்த பணிகளுள் ஒன்று. ஆனால் பிறர்க்கென உழைத்தறியாதவரை, பிழை செய்து திருந்தியறியாதவரை, மாற்றுக் கருத்தைக் கேட்டறியாதவரைச் சான்றிதழ்கொண்டு திறனாளராக்க எவராலும் இயலாது. கடினமான இந்த வழியை விட்டு எளிய வழியை நாடியதால், இரண்டையும் இழந்து நிற்கிறோம். மாணவர்க்கு வேலையும் உறுதியாகவில்லை. ஊருக்குத் தொண்டரும் கிடைக்கவில்லை.

பேராசிரியப் பெருமக்களே, நிருவாகிகளே, பெற்றோரே! அடுத்த கல்லூரி நாள் விழாவில் மேடையில் பரிசு பெறுவோரை எண்ணுங்கள். அதன்பின் வளாகத்தைக் கடந்து, நிறுத்தத்தில் நாலு மணிப் பேருந்துக்குக் காத்து நிற்போரையும் எண்ணுங்கள். அவர்களுள் ஒருவரையேனும் நிறுத்தி, 'நீ ஏன் மேடையில் இல்லை?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்து வரும் கல்வியாண்டின் கால அட்டவணையை வகுக்கத் தொடங்குங்கள்.